எந்தத் தேதியில் ஊசி, எந்தத் தேதியில் வலி?

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். மும்பையில் மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2021, 2022 இரண்டு வருஷமும் கோவிட் தடுப்பூசி மேசைதான் என் இடம். ஊசி போட்ட பிறகு உங்களுக்கு என்ன ஆச்சு என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஊசி போட்ட தேதி, தொந்தரவு ஆரம்பித்த தேதி, இரண்டும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (தாராவி): 2021 ஏப்ரலில் முதல் கோவிஷீல்ட். அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. இரண்டாவது ஊசிக்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் கலப்படம் என்கிறார் என் மைத்துனர்.

பதில்: கோவிஷீல்டின் குணமே அதுதான் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள். முதல் ஊசிக்கு ஆட்டம் அதிகம், இரண்டாவதுக்குக் குறைவு. ஃபைசர் மாதிரி ஊசிகளில் இது தலைகீழ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு சில ரசாயனங்களைச் சுரக்கும், சூடு கிளம்புவது அதனால்தான்.

2021 ஜனவரியில் எங்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். மத்தியானம் ஊசி. டூட்டி முடிந்து சயானில் ட்ரெயின் ஏறும் வரை ஒன்றுமில்லை. ராத்திரி 11 மணிக்குப் பல் தந்தியடித்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், நான் மூன்று போர்வைக்குள். ஒரு பாராசிட்டமால், காலையில் இரண்டு இட்லி, மறுநாள் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி ஒரு வலி. அதோடு சரி.

கேள்வி (காந்திவலி): எனக்குக் காய்ச்சல், கை வலி எதுவுமே வரவில்லை. போட்டது உப்புத் தண்ணீரா?

பதில்: வேறு ஏரியாக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். உங்கள் பக்கம்தான் 2021 மே கடைசியில் ஒரு சொசைட்டி முகாமில் ஆளுக்கு 1,260 ரூபாய் வாங்கிக்கொண்டு 390 பேருக்குப் போலி ஊசி போட்டார்கள். யாருக்குமே காய்ச்சலோ உடம்பு வலியோ வரவில்லையே என்றுதான் அங்கே குடியிருந்தவர்களுக்கு முதலில் பொறி தட்டியது. சான்றிதழ்களும் வேறு வேறு ஆஸ்பத்திரி பெயரில் வந்தன. 390 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். உங்கள் ஒருவருக்கு இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சல் வராதவர்களுக்கும் ஊசி வேலை செய்யும்.

கேள்வி (வடாலா): மகனுக்கு 22 வயது. ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் சரிந்துவிட்டான். அலர்ஜி என்று அடுத்த ஊசி போடவில்லை. சரிதானே?

பதில்: எழுந்ததும் என்ன கேட்டான்? தண்ணீர் கேட்டு, வெட்கப்பட்டுச் சிரித்திருந்தால் அது வெறும் மயக்கம். எங்கள் மையத்தில் அப்படி விழுந்தவர்களில் ஜிம்முக்குப் போகிற பையன்களே அதிகம். முகம் வெளுக்கும், வியர்வை ஜில்லென்று இருக்கும், நாடி மெதுவாகும். காலைத் தூக்கிப் படுக்க வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். நிஜ அலர்ஜியில் நாடி ஓடும், உடம்பு தடித்துச் சொறியும், உதடு வீங்கும், மூச்சு விசிலடிக்கும். அதற்குத் தொடையில் அட்ரினலின் போட வேண்டும், உடனே. 30 நிமிடம் உட்காரச் சொன்னது அதற்காகத்தான். 2021 மார்ச்சில் ஊசி போட்டுக்கொண்ட 68 வயதுக்காரர் ஒருவர் இந்த அலர்ஜியால்தான் இறந்தார் என்று மத்திய அரசின் குழுவே ஒப்புக்கொண்டது. "டைம் நஹி ஹை ஸிஸ்டர்" (நேரமில்லை) என்று வாசலுக்கு ஓடியவர்களை எத்தனை தடவை பிடித்து உட்கார வைத்திருப்பேன்!

கேள்வி (முலுண்ட்): இடது கையில் ஊசி, நான்காம் நாள் இடது அக்குளில் கட்டி. பயந்துபோய் ஸ்கேன் வரை போனேன்.

பதில்: நெறி கட்டியிருக்கும். சில வாரத்தில் கரைந்துவிடும். கரையாவிட்டால் ஸ்கேன் சரிதான்.

கேள்வி (செம்பூர்): ஊசிக்கு அடுத்த மாதம் மாதவிலக்கு ஐந்து நாள் தள்ளிப் போனது. மையத்தில் சொன்னபோது "டென்ஷன்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. தலை குனிகிறேன். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 4,000 பெண்களின் சுழற்சிக் கணக்கைப் பார்த்து, ஊசிக்குப் பிறகு சராசரியாக ஒரு நாளுக்குள் தள்ளிப் போவது உண்மைதான் என்று கண்டுபிடித்தார்கள். சிலருக்கு அதைவிட அதிகம், ஓரிரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. பெண்கள் முதல் மாதமே சொன்னதைத்தான் அவர்கள் ஒரு வருஷம் கழித்து எழுதினார்கள்.

கேள்வி (டோம்பிவிலி): 2024இல் வந்த ரத்தக்கட்டி செய்தியைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. 2021இல் இரண்டு கோவிஷீல்ட். இப்போது ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கிற டி-டைமர் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், காசு மிச்சம். ரத்தம் கட்டிக்கொண்டு, ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைகிற அந்த நோய் நிஜம். மிக அபூர்வமாக வரலாம் என்று கோவிஷீல்டை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா கம்பெனியே பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2021 மே மாதம் அரசுக் குழு சொன்ன கணக்கு 10 லட்சம் ஊசிக்கு 0.61, பிரிட்டனில் 4. இங்கே எல்லாக் கேஸும் குழு வரை போயிருக்குமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் அது வருவதாக இருந்தால் ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும். விடாத தலைவலி, வயிற்று வலி, கால் வீக்கம், தோலில் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி. உங்களுக்கு அந்தக் கெடு 2021லேயே முடிந்துவிட்டது.

கேள்வி (ஆன்டாப் ஹில்): நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மாரடைப்பு. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அன்று எங்கள் மையம் காற்று வாங்கியது, அதிலும் தமிழர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மரணத்தை ஆராய்ந்த தேசியக் குழு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. ரத்தக் குழாயில் கொழுப்பு ஒரே நாளில் படியாது, வருஷக்கணக்கில் படியும். இளவயதுத் திடீர் மரணங்களை 47 ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2023இல் வெளியிட்ட முடிவிலும் ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், முந்தின நாட்களில் மிதமிஞ்சிய குடி, கடும் உடற்பயிற்சி, இவை போன்றவைதான் கூட்டின.

கேள்வி (கோரேகாவ்): ஊசி போட்ட அன்றிலிருந்து தோள் தூக்க முடியவில்லை. ஒரு வருஷம் ஆச்சு.

பதில்: மருந்தை விட்டுவிடுங்கள், குத்தின இடத்தைக் காட்டுங்கள். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே குத்த வேண்டும். மேலே குத்தினால் ஊசி மூட்டுப் பையைத் தொட்டு வீக்கம் நிற்கும். எலும்பு டாக்டரைப் பாருங்கள், பிசியோதெரபி கைகொடுக்கும். அவசரத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு இது.

கேள்வி (மாட்டுங்கா): என் மாமியாருக்குக் கோவாக்சின் போட்ட பிறகு பத்து வருஷ முழங்கால் வலி போய்விட்டது. மூன்றாவது ஊசி கேட்கிறார்.

பதில்: தேதி எழுதவே இல்லையே நீங்கள். அதே மாதம் வேலைக்காரப் பெண்ணை வைத்தீர்களா என்று பாருங்கள்.