வெள்ளவத்தையிலிருந்து லண்டனுக்கு அம்மா வர எவ்வளவு நேரம் எடுக்கும்?

தங்கச்சி, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவைக் கோடைக்கு இங்கே கூப்பிடப் போகிறீர்கள். கொழும்புக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம், பறக்க எத்தனை மணித்தியாலம் என்று கேட்டிருக்கிறீர்கள். தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். ஸ்ரீலங்கன் விமானத்தில் நேரடியாக வந்தால் சுமார் 11 மணித்தியாலம். திரும்பிப் போகும்போது கொஞ்சம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, கொழும்புக்குப் போகும் விமானத்தைத் தள்ளிவிடும். வரும் விமானம் அதை எதிர்த்து வரவேண்டும். மத்திய கிழக்கில் வான்பரப்பை மூடினால் சுற்றிவர இன்னும் நேரம் எடுக்கும்.

ரிக்கெற்றில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பகல் 1 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30க்கு இறங்கும் என்று இருந்தால், ஆறரை மணித்தியாலப் பயணம் என்றுதான் தோன்றும். புறப்படுவது கொழும்பு நேரம், இறங்குவது லண்டன் நேரம். கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம், அதைக் கூட்டினால் 11. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தபிறகு வித்தியாசம் ஐந்தரையாகிவிடும்.

ஆனால் அம்மாவுக்கு இது 11 மணித்தியாலப் பயணம் இல்லை. காலி வீதி நெரிசலைத் தாண்டி, பேலியகொடையில் அதிவேகப் பாதை ஏறி, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். இங்கே ஹீத்ரோ விமான நிலையத்தில் குடிவரவு வரிசை, பெட்டி, அப்புறம் உங்கள் வீடு வரை கார். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு 17, 18 மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள்.

டுபாய் வழியாக வந்தால் மலிவாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். கொழும்பு–டுபாய் நாலரை, டுபாய்–லண்டன் ஏழரை. பறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லைதான். இடையில் காத்திருப்பதுதான் ஆளை வாட்டும். நடுச்சாமத்தில், தெரியாத இடத்தில், நெடுந்தூரம் நடந்து அடுத்த விமானத்துக்கான வாசலைத் தேடவேண்டும். நீங்கள் இளம் ஆள், தனியாக வரும்போது அப்படி வரலாம். முழங்கால் வருத்தம் உள்ள, முதல்தடவை விமானம் ஏறும் அம்மாவுக்கு, கூடக் காசு போனாலும் நேரடி விமானத்தையே எடுங்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

நடக்கச் சிரமம் என்பதால் ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதியுங்கள். பிந்தினாலும் 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். அதற்குக் காசு இல்லை. தள்ளிக்கொண்டு வருபவரே குடிவரவு கடந்து பெட்டி எடுக்கும் இடம் வரை கூட்டிவருவார். ஆங்கிலம் தெரியாத பயமும் பாதி குறையும். மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடவிடாதீர்கள். வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டோடு கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் இடைக்கிடை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், கால் வீங்குவது குறையும்.

விசா கைக்கு வந்தபிறகு ரிக்கெற்றை எடுங்கள். ஓகஸ்ற் பள்ளி விடுமுறையில் விலை ஏறிவிடும், ஜூன் தொடக்கத்தில் வந்தால் நல்லது.