ஐந்து மடங்கு சங்கிலி விட்டும் நங்கூரம் ஏன் நழுவியது?

கேள்வி: மலேசியாவின் லங்காவித் தீவில் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆகஸ்ட் மாதம், பௌர்ணமியை ஒட்டிய நாள். மாலை ஆறரை மணிக்குப் பந்தாய் செனாங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டோம். ஆழமானி 5 மீட்டர் காட்டியது. ஐந்து மடங்கு என்ற கணக்கில் 25 மீட்டர் சங்கிலி விட்டோம். இரவு இரண்டு மணிக்கு மேற்கிலிருந்து பலத்த காற்று. நங்கூரம் பிடி விட்டு, படகு கரைப் பக்கம் போய்விட்டது. எங்கே தவறினோம்? (பினாங்கு வாசகர்)

பதில்: ஐந்து மடங்கு என்பது சரியான விதிதான். எதை ஐந்தால் பெருக்குவது என்பதில்தான் கணக்கு பிசகிவிட்டது.

ஆழமானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடகைப் படகுகள் பலவற்றில் அது கீலின் (படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பாகம்) அடியிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையே காட்டும்படி அமைத்திருப்பார்கள். தரை தட்டாமல் ஓட்டுவதற்கு அது வசதி. நங்கூரக் கணக்குக்கு உதவாது. உங்கள் படகின் அளவில் கீல் நீருக்குள் சுமார் 1.8 மீட்டர் இறங்கியிருக்கும். அப்படியானால் உண்மையான ஆழம் 6.8 மீட்டர். அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. லங்காவியில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்ற இறக்கம் இரண்டரை மீட்டர் அளவுக்கு இருக்கும். நீங்கள் நங்கூரம் போட்ட ஆறரை மணி வற்றத்தை ஒட்டிய நேரம். நள்ளிரவு தாண்டியபோது நீர் ஏறியிருந்தது. ஆக 9.3. சங்கிலி நீர்மட்டத்திலிருந்து அல்ல, படகின் முன்முனையில் உள்ள உருளையிலிருந்து இறங்குகிறது. அந்த உயரம் 1.2 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 10.5. அதில் ஐந்து மடங்கு என்றால் 52 மீட்டர். நீங்கள் விட்ட 25 மீட்டர் இரண்டரை மடங்குகூட இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லேசான காற்றில் சங்கிலியின் எடையே அதைத் தரையில் படுக்க வைக்கும். இழுப்பு நங்கூரத்துக்குக் கிடையாக வரும். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடை. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்று 40 நாட் ஆனால் விசை 16 மடங்கு. அப்போது சங்கிலி முழுவதும் கம்பிபோல விறைத்துவிடும். நீங்கள் விட்ட நீளத்தில் அது தரையோடு ஏறக்குறைய 25 டிகிரி கோணத்தில் நங்கூரத்தை மேலே இழுத்திருக்கும். ஐந்து மடங்கில் கோணம் 11, 12 டிகிரி. ஏழு மடங்கில் எட்டுதான். கூர் மண்ணுக்குள் இறங்குவதும் பிடுங்கிக்கொள்வதும் இந்த வித்தியாசத்தில்தான்.

இடத் தேர்வும் கைகொடுக்கவில்லை. செனாங் மேற்கு பார்த்த கடற்கரை. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தீவே மறைப்பாக நிற்பதால் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், அதே இடத்தைத் தலைகீழாக்கிவிடும். காற்று கடலிலிருந்து, கரை உங்கள் முதுகுப் பக்கம். அந்த மாதங்களில் மேற்கே தீவோ அலைத்தடுப்போ உள்ள இடத்தைத் தேடுங்கள். தெலாகா துறைமுகத்துக்குள் கட்டணம் கட்டி நிற்பது வீண் செலவு அல்ல.

போடும் முறைக்கு வருவோம். காற்றை (ஓடைகளிலும் கால்வாய்களிலும் நீரோட்டத்தை) எதிர்கொண்டு படகை முழுதாக நிறுத்துங்கள். நங்கூரம் தரையைத் தொட்டதும் படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் குவியலாக விழுந்து நங்கூரத்தைச் சுற்றிக்கொள்ளும். முழு நீளமும் போன பிறகு சோதனை. லங்காவியில் பல இடங்களில் தரை சேறு. உடனே எஞ்சினை முறுக்கினால் நங்கூரம் உழுதுகொண்டே வரும். பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ விட்டு, பின்னோக்கு கியரில் மெதுவாகத் தொடங்கி, 1,500, பிறகு 2,000 சுழற்சி வரை ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள். ஒருவர் அணியத்தில் (படகின் முன்பகுதி) நின்று, உருளைக்கு வெளியே உள்ள சங்கிலியில் பாதத்தை லேசாக வைக்கட்டும். பிடித்திருந்தால் விறைப்பாக, அசையாமல் இருக்கும். இழுபட்டால் தரையின் கரகரப்பு பாதம் வரை அதிரும். அப்படியானால் மீண்டும் தூக்கிப் போடுவதுதான் வழி. பின்னோக்கிப் போகும் முன் டிங்கியின் (பின்னால் கட்டி இழுத்துவரும் சிறு படகு) கயிற்றைச் சுருக்கிக் கட்டுங்கள்; புரொப்பெல்லரில் முதலில் சிக்குவது அதுதான்.

பிறகு 12 முதல் 14 மி.மீ. தடிமனில், 8 மீட்டர் நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் கொக்கியிட்டு முன்பக்கக் கிளீட்டில் (கயிறு கட்டும் கட்டை) கட்டி, சங்கிலியைச் சற்றுத் தளர விடுங்கள். நைலான் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வின்ட்லாஸ் சங்கிலியை ஏற்றி இறக்கும் கருவி. இரவு முழுக்கப் படகைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை.

52 மீட்டர் சங்கிலியும் 11 மீட்டர் படகும் சேர்ந்தால் சுழலும் வட்டத்தின் ஆரம் 60 மீட்டரைத் தாண்டும். கரை, பாறை, பக்கத்துப் படகு எதுவும் அதற்குள் வரக் கூடாது. செல்பேசி நங்கூர அலாரத்தில் மையமாக வைக்க வேண்டியது நங்கூரம் விழுந்த புள்ளியை. படகு நிற்கும் இடத்தை வைத்தால் ஓதம் திரும்பியதும் வீணாக அலறும், எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள்.

மேற்கே மின்னல், சட்டென்று குளிர்ந்த காற்று, வில்லாக வளைந்த கரும் மேகம்: மூன்றும் சேர்ந்தால் பந்தலைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டுத் தயாராக இருங்கள். இழுபடத் தொடங்கினால், பின்னால் இடம் இருக்கும்போது மட்டும் இன்னும் சங்கிலி விடலாம். இல்லையென்றால் காற்றை நோக்கி மெதுவாக முன்னே ஓட்டிச் சுமையைக் குறையுங்கள். நங்கூரத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

தெற்கே புலாவ் பாயார் கடல் பூங்காவில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அது பவளத்திட்டு, மிதவைகளில்தான் கட்ட வேண்டும்.

அடுத்த முறை படகை ஒப்படைக்கும்போதே மொத்தச் சங்கிலி எத்தனை மீட்டர், எத்தனை மீட்டருக்கு ஒரு அடையாளம், கடைசி முனை படகில் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வண்ணக் குறிகள் அழிந்திருந்தால் 10 மீட்டருக்கு ஒன்றாக நிறக் கேபிள் டை கட்டிக்கொள்ளலாம். கூடவே, துறையில் நிற்கும்போதே கயிற்றில் ஒரு கனத்தைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து, ஆழமானியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கிருந்து அளக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.