காப்பகத்தில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாயைத் தத்தெடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். "மனசுக்குப் பிடித்த நாய் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, வீட்டுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வருடத்துக்கு முன் எனக்கும் இதே சந்தேகம்தான். அந்தச் செவலை நாய் இப்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. பெயர் பூரி. (மகள் வைத்தது, என்னைக் கேட்காதீர்கள்.)

காப்பகத்துக்கு வந்த முதல் சில நாட்கள் நாயின் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக் கிடக்கும். இரவு பகலாகக் குரைப்பு, பினாயில் நெடி, தெரியாத முகங்கள். அந்த நேரத்தில் அதன் குணத்தை எடைபோடுவது, காய்ச்சலில் கிடப்பவனைப் பார்த்துச் சோம்பேறி என்பது மாதிரி. அமெரிக்கக் காப்பகங்களில் நாய் சாப்பிடும்போது தட்டுக்குள் ரப்பர் கையை விட்டு, கடிக்கிறதா என்று பார்க்கும் சோதனையெல்லாம் உண்டு. அதில் தேறாததால் கருணைக்கொலை செய்யப்பட்ட நாய்களும் உண்டு. இப்படிப்பட்ட சோதனைகளை நம்புவதும் காசைச் சுண்டிப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று பேட்ரனெக், பிராட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2016-ல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

நான் மூன்று நாள், வெவ்வேறு நேரத்தில் போனேன். முதல் நாள் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட, பூரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் கழித்து மூக்கை நீட்டி அந்தத் தட்டு எங்கே போனது என்று தேடியது. அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பயப்படாத நாய் கிடையாது, பயந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதுதான் கணக்கு. அன்று வைத்த ஈரல் துண்டை நான் கிளம்பிய பிறகுதான் தின்றதாம். மூன்றாம் நாள் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போதே தின்றது, போகிற போக்கில் என் சட்டையையும் மோந்தது.

உறுமுகிற நாயைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சொல்லிவிட்டுச் செய்கிற ஜாதி. அசையாமல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிற நாயிடமோ, உறுமிக்கொண்டிருக்கும் நாயிடமோ கையை நீட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த பெரிய தப்பு, பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டது. பின்னங்கால் இருந்த இடத்திலேயே இருக்கும், கழுத்து மட்டும் நீண்டு வரும். பிஸ்கட்டைக் கவ்விய பிறகுதான் 'ஐயையோ, இவ்வளவு கிட்டே வந்துவிட்டோமே' என்று பதறும். கடி விழக்கூடிய நொடி அது. அப்புறம் ஒரு பயிற்சியாளர் சொல்லி, தீனியை அதன் முதுகுக்குப் பின்னால் எறிய ஆரம்பித்தேன். தின்பதற்காக என்னைவிட்டு விலகிப் போகும், விலகியதும் ஆசுவாசமாகும், பிறகு தானாகவே இன்னும் இரண்டடி கிட்டே வந்து நிற்கும். கிட்ட வந்தாலும் நான் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் அதுவாக வந்து முழங்காலில் தாடையை வைத்தது.

தெருவில் வளர்ந்ததற்கு டைல்ஸ் தரையே பெரிய ஆபத்து, வழுக்கும். கட்டிலடியிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை பழைய சாக்கை விரித்து வழி போட்டோம். குக்கர் விசிலுக்கு நடுங்கும், ஒவ்வொரு விசிலுக்கும் பின்னால் ஒரு துண்டு கோழி விழுந்தது. இப்போது விசில் அடித்தால் எங்களுக்கு முன்னால் அடுப்படியில் நிற்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள்: பயந்த நாய் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும். முதல் சில மாதம் கழுத்துக்கு ஒன்று, மார்பு பெல்ட்டுக்கு ஒன்று என இரண்டு கயிறு கட்டி நடத்துங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வாசல் கதவில் கவனம் வேண்டும். ஓரிரு நாளுக்கு மேல் சாப்பிடாமலே இருந்தாலோ, வாரக்கணக்கில் நடுங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள், பயத்துக்கு மாத்திரை இருக்கிறது. நாமாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பூரிக்கு இன்னும் குடை ஆகாது. மழை நாளில் மாமனார் வந்தால் குடையை வாசலிலேயே மடக்கிச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.