மாதம் 14,000 சம்பளம், 6 லட்சம் கடன். ஐபி (கோர்ட்டில் போடும் திவால் மனு) கொடுக்க எவ்வளவு செலவாகும்?

நீங்கள் காரைக்குடி, ஜவுளிக்கடை வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தேவகோட்டையில் பல வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். ஐபி மனுக்களைக் கட்டிக்கொண்டு சப் கோர்ட்டுக்கு அலைந்ததே என் பிழைப்பு.

மனுவில் ஒட்டும் ஸ்டாம்பு ஒரு செலவே இல்லை. கடன் கொடுத்த ஒவ்வொருவரும் எதிர்மனுதாரர், அங்கேதான் பணம் கரையும். ஆளுக்கு ஒரு நகல், ஒரு நோட்டீஸ், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கோர்ட்டில் கட்டும் ஒரு பேட்டா. ஆள் ஊரில் இல்லை என்று நோட்டீஸ் திரும்பினால் மறுபடியும் பேட்டா, கடைசியில் பேப்பர் விளம்பரம். ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலை செய்த ஒருவருக்கு 17 கடன்காரர்கள். வக்கீல் பாதி ஃபீஸ்தான் வாங்கினார். இருந்தும் நோட்டீஸுக்கும் விளம்பரத்துக்குமாக மச்சினனிடம் கைமாற்று வாங்கினார் மனுஷன். அந்தப் பதினெட்டாவது ஆளை எந்த மனுவில் சேர்ப்பது?

அவர் இலவச சட்ட உதவி கேட்டிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் கேட்கலாம். உங்களுக்கு 1,68,000தான் வருகிறது. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பே கிடையாது. வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவுக்கும் அதில் வழி உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள்.

2016-ல் வந்த திவால் சட்டத்தில் ஏழைகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதாக யாராவது சொல்வார்கள். இருக்கிறது, காகிதத்தில். உங்களைப் போன்ற தனி ஆளுக்கு அது இன்னும் அமலுக்கு வரவில்லை. நம் பக்கம் இன்றும் 1920-ம் வருஷத்துச் சட்டம்தான். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது, அவ்வளவு பழசு! திவால் உத்தரவு வந்த பிறகு, கடனிலிருந்து விடுபடத் தனியாக ஒரு மனு போட வேண்டும். அதுவரை, திவாலான விஷயத்தைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம், ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

அடகு நகைக்கு ஐபி உதவாது, வைத்திருப்பவர் ஏலம் விடலாம். உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். கந்துவட்டியோ, அது வேறு வழக்கு. 2003-ம் வருஷச் சட்டப்படி அந்த வட்டியை வாங்குகிறவர்தான் பயப்பட வேண்டும்.

செலவு செய்யும் முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கடன் கொடுத்த ஒருவர் உங்கள் மேல் டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) வாங்கினாலும் முழுச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 14,000-ல் அவர் பிடிக்கக்கூடியது சுமார் 4,333. அதுவும் அதே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். கையில் இல்லாத காரணத்தால் கட்டாதவரை ஜெயிலில் போடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1980-லேயே சொல்லிவிட்டது. கடன்காரர் மூன்று நாலு பேர்தான், சொத்தும் இல்லை என்றால், லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், உட்கார்ந்து தவணை பேசுவது மலிவு. அங்கே கோர்ட் கட்டணமே கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நம் ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்ற பேரும் லேசில் போகாது.

சட்ட உதவிக்குப் போகும்போது செட்டியார் வீட்டுப் பழைய கணக்குப்பிள்ளை மாதிரி ஓர் ஐந்தொகை எழுதிக் கொண்டு போங்கள்: யாரிடம், எந்தத் தேதி, எவ்வளவு, இதுவரை கட்டிய வட்டி. ஒரு பெயரையும் மறைக்காதீர்கள். மச்சினன் கைமாற்றும் அதில் வரட்டும்.