மாத்திரைக்கு ஒரு நாள் போகுது!

கேள்வி: எங்கம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. மாசாமாசம் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்கு காலைல ஏழு மணிக்கே போயி சீட்டு போட்டு உக்காந்தாலும் பன்னெண்டு ஆயிருது, டாக்டர் ஒருத்தர்தான், அவரும் கேம்ப்னு போயிட்டா அம்புட்டுதான். என்ன செய்ய?
– வாசகி, மண்டபம் பக்கம்

பதில்: சமவெளியில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னு கணக்கு வச்சிருக்காங்க, ஆனா நம்ம கடக்கரை ஊருங்க நீளவாக்குல செதறிக் கெடக்கு, பஸ் புடிச்சு வந்து சேரவே பாதி நாள் போயிரும், கணக்கு போட்டவங்களுக்கு அது எங்க தெரியப்போவுது!

வெறும் மாத்திரைக்குன்னா மாசாமாசம் கியூல நிக்கவே வேணாம் தாயி. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க, ஊரு நர்ஸம்மாட்ட பேரைப் பதிஞ்சு வைங்க. இழுத்தடிச்சா 104க்கு போன் போட்டு புகார் சொல்லலாம். டாக்டர் சொல்ற நாள்ல மட்டும் நேர்ல போயி ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கட்டும். நெஞ்சு வலி, கை கால் மரத்துப்போறதுன்னா சீட்டு போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே 108தான்.

அப்புறம், வீட்டுல கருவாடு இருக்குமே? அம்மா தட்டுல கொறைச்சுப் போடுங்க, அம்புட்டும் உப்பு.