குன்றிமணிக் கொடி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்து மரத்தடியில் குன்றிமணி கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் கொடி என்கிறீர்களே?

பதில்: அது மஞ்சாடி மரம். அதன் விதையை ஆனைக்குன்றிமணி என்பார்கள். முழுச் சிவப்பாக இருக்கும். குன்றிமணிக்கு மூக்கில் கறுப்பு உண்டு. காயோடு ஒட்டியிருந்த தழும்பு அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது. முழு வெள்ளை விதை தரும் கொடியும் உண்டு.

கேள்வி: காய் இல்லாத காலத்தில் கொடியை எப்படி அடையாளம் காண்பது ஐயா?

பதில்: இலையைப் பாருங்கள். புளிய இலை போலச் சிற்றிலைகள் எதிரெதிராக, 8 முதல் 20 ஜோடி வரை இருக்கும்; நுனியில் ஒற்றை இலை இராது. இருட்டியதும் அவை தொங்கிவிடும். பற்றுக்கம்பி கிடையாது, தண்டே முறுக்கிக்கொண்டு ஏறும். பூ அவரைப் பூவின் சாடையில் வெளிர் ஊதாவாக, கொத்தாகப் பூக்கும். ஒரு பூவைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்: அவரையில் மகரந்தத் தாள் 10, இதில் 9தான்! எனக்கு மிகவும் பிடித்தது காய் வெடிக்கும் பருவம். காய்ந்த தோல் இரண்டாகப் பிளந்து சுருண்டுகொள்ளும். விதைகளோ உதிராமல் அதிலேயே ஒட்டி நிற்கும். புதர்க்காட்டிலும் கிளுவை வேலியிலும் சாம்பல் நிறச் சுள்ளிகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு தூரத்திலேயே தெரியும்.

கேள்வி: விதைத்து இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லை.

பதில்: ஓடு கெட்டியானது, தண்ணீர் எளிதில் இறங்காது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு நாள் விடுங்கள். உப்பியதை மட்டும் ஊன்றுங்கள். உப்புத்தாளில் தேய்க்க வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

கேள்வி: பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்கிய மணியைக் குழந்தை விழுங்கிவிட்டால்?

பதில்: உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடு உடையாத விதை அப்படியே வெளியேறிவிடக்கூடும். ஆனால் குழந்தை கடித்ததா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு, அதற்கு முறிமருந்து இல்லை. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம்; நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: கம்பிவேலி போடுகிறோம். கொடியை வேரோடு எடுத்துவிடலாமா?

பதில்: அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இது வந்தேறிக் களை, அங்கே எடுக்கத்தான் வேண்டும். இங்கே இது மண்ணின் கொடி. குழந்தைகள் புழங்கும் இடமானால் காயைப் பச்சையிலேயே பறித்துப் புதைத்துவிடுங்கள். தூரை மட்டும் விட்டுவையுங்கள், மழைக்குத் துளிர்த்துவிடும்.