சொலிசிட்டருக்குக் கட்டிய பணம் வரிக் கணக்கில் சேருமா?

கேள்வி: இங்கிலாந்தில் சுயதொழிலாக எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். சென்ற வரி ஆண்டில் ஒரே சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) மூன்று காரியங்களுக்காக 4,150 பவுண்டு கட்டினேன். 9,000 பவுண்டு பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் வசூலிக்க 1,800, புதிதாகக் குத்தகைக்கு எடுத்த கடையின் பத்திர வேலைக்கு 1,450, வேன் ஓட்டும்போது கைபேசியை எடுத்ததற்காக வந்த வழக்குக்கு 900. லைசன்ஸ் போனால் தொழிலே போய்விடும் என்பதால்தான் அந்த வழக்கை நடத்தினேன். முழுத் தொகையும் வரியில் திரும்பக் கிடைக்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்றில் பாக்கி வசூலித்த செலவு ஒன்றுதான் தேறும். அதுவும் கட்டிய பணம் அப்படியே திரும்பி வராது. செலவை லாபத்திலிருந்து கழிப்பார்கள். குறைந்த லாபத்துக்கு வரி குறையும், அவ்வளவுதான். நீங்கள் 20 சதவீத வருமான வரியும் சுயதொழில் செய்பவர்கள் லாபத்தின் மீது கட்டும் 6 சதவீத நான்காம் வகுப்பு தேசியக் காப்பீடும் கட்டுபவரானால், 1,800 பவுண்டு செலவால் உங்களுக்கு மிச்சமாவது 468 பவுண்டு.

பாக்கி வசூலிப்பது தொழிலின் அன்றாட வேலை. சொலிசிட்டர் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணமும் இருந்தால் அதையும் தயங்காமல் சேருங்கள். வழக்கில் வென்று எதிர்த்தரப்பு உங்கள் செலவைத் திருப்பித் தந்தால், அந்தத் தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு இருந்தால் பில்லில் உள்ள வாட்டைத் தனியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு மீதியை மட்டும் செலவாக எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் வாட்டோடு சேர்த்தே எழுதலாம்.

கடைப் பத்திரச் செலவு தொழிலுக்கானதுதான். ஆனாலும் அது மூலதனச் செலவு. பல ஆண்டுகளுக்குப் பயன்தரும் உரிமை ஒன்றை வாங்குவதற்காகக் கட்டியது. அதை இந்த ஆண்டு லாபத்தில் கழிக்க முடியாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் குத்தகை உரிமையை விலைக்குக் கைமாற்றினால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் வாங்கிய செலவோடு இதையும் சேர்க்கலாம். இதே குத்தகையை 50 ஆண்டுக்குக் குறைவான காலத்துக்குப் புதுப்பிக்கும்போது ஆகும் சட்டச் செலவைப் பொதுவாக லாபத்திலேயே கழிக்க வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. அனுமதிக்கிறது. முதல்முறை எடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதைக் கடை நடத்துபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இனி வேன் வழக்கு. உங்கள் வாதத்தில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. போக்குவரத்துக் குற்றங்களுக்காக லைசன்ஸில் ஏறும் புள்ளிகள் மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால், பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்ட முடியாது. ஏணியையும் கம்பிச் சுருளையும் ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஆனால் சட்டம் கேட்பது, அந்தச் செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்டதா என்று. லைசன்ஸ் உங்கள் சொந்த வாழ்க்கைக்கும் தேவை. இரண்டு நோக்கங்கள் கலந்துவிட்டால் செலவு முழுவதும் அடிபட்டுப் போகும்.

1999-இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், பங்குத் தரகர் ஒருவர் பங்குச் சந்தையின் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து வாதாடச் செய்த செலவை அனுமதித்தார்கள். தொழிலைக் காப்பாற்றுவதே அவருடைய நோக்கம் என்று ஏற்றார்கள். அவருக்கு விதித்த அபராதத்தைக் கழிக்க விடவில்லை. 2013-இல் லாரித் தொழில் நடத்தியவர், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடிய செலவைக் கேட்டார். சிறைக்குப் போகாமல் தப்பிப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று என்று சொல்லித் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. உங்கள் வழக்கு இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. அந்த 900 பவுண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. அபராதம் கட்டியிருந்தால் அதையும் நிச்சயமாகச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூன்று காரியத்துக்கும் ஒரே சொலிசிட்டர் என்கிறீர்கள். பில்லை எடுத்துப் பாருங்கள். ‘சட்டச் சேவைக் கட்டணம் 4,150 பவுண்டு’ என்று ஒற்றை வரியில் இருந்தால், எச்.எம்.ஆர்.சி. விசாரணை வரும்போது 1,800 பவுண்டுக்கும் ஆதாரம் இல்லாமல் நிற்பீர்கள். ஒவ்வொரு காரியத்துக்கும் தேதி, வேலை விவரம், தொகை, வாட் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் பில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

உண்மையான செலவுக்குப் பதிலாக வருமானத்தில் ஆயிரம் பவுண்டு வரை கழிக்க விடும் வர்த்தகச் சலுகையை எடுத்துக்கொண்டால் வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. உங்கள் அளவுக்குச் செலவு உள்ளவர் அதை எடுக்கத் தேவையில்லை.

நண்பர் சொன்னபடி ஏற்கெனவே வரிக் கணக்குப் படிவத்தை அனுப்பிவிட்டிருந்தால் பதற வேண்டாம். தாக்கல் செய்ய வேண்டிய ஜனவரி 31-இலிருந்து 12 மாதத்துக்குள் நீங்களே திருத்தலாம். எச்.எம்.ஆர்.சி. கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களாகத் திருத்துவது அபராத விஷயத்திலும் நல்லது. பில்களை அந்த ஜனவரி 31-க்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருங்கள். கடைப் பத்திரத்தின் பில்லை மட்டும் அந்தக் குத்தகை உங்கள் கையில் இருக்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.